ஷாக் அடிக்காத கதவு

வலது தோள்பட்டைக்குள் யாரோ துருப்பிடித்த ஆணி ஒன்றை வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார்கள். மெத்தைக்காரர் சட்டை போடுவதென்றால் முதலில் இடது கையை நுழைக்க வேண்டும். பிறகு வலது கையை, அடம்பிடிக்கும் அடுத்த வீட்டுக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்து, தாஜா பண்ணி உள்ளே தள்ள வேண்டும். தலை வாரிவிட மனைவி வருவாள். சீப்பின் பல்லைவிட அவள் பேச்சு கொஞ்சம் கூர்மை.

“ஆயுசு பூரா பஞ்சை அடிச்சீங்க. இப்போ அது திருப்பி அடிக்குது. தலையை ஆட்டாதீங்க.”

மெத்தை தைக்கிறவன் மெத்தையில் படுக்கிற நேரம் குறைவு. கட்டிதட்டிப்போன பழைய பஞ்சைக் கொட்டி, கம்பால் அடித்து, தான் பஞ்சு என்பது அதற்கு மறுபடி ஞாபகம் வரும்வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தோளைப் பார்த்த மருத்துவர், “இனிமே கம்பைத் தூக்கினா, அப்புறம் கையைத் தூக்க ஒரு ஆள் வைக்கணும்” என்று சொல்லிவிட்டார். கடையை மூடிய ஒருவரிடமிருந்து பஞ்சடிக்கும் இயந்திரத்தை வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் இறக்கினார்கள். இரும்புத் தூண், இரும்புக் கதவு, தகரக் கூரை. இயந்திரத்துக்கு எல்லாம் இருந்தது, கரண்டைத் தவிர.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“அடுப்படி ஜன்னல் வழியா ஒயரை இழுத்துக்கிட்டுப் போற வேலை மட்டும் வேண்டாம். அப்படி இழுத்தீங்கன்னா, நான் என் துணிமணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேன். எரியறதுக்கு முன்னாடியே.”

அவள் சும்மா சொல்லவில்லை. பின் தெருவில் ஒரு மெத்தைக் கடை அப்படித்தான் போயிற்று. ஜன்னல் வழியாகப் போன ஒயர், ஒரு பொறி. பஞ்சில் தீ பரவுவதில்லை, ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் இருக்கிறது. வாளியோடு ஓடியவர்களில் அவளும் ஒருத்தி. தண்ணீர் ஊற்ற அங்கே மிச்சம் எதுவும் இல்லை.

ஆகவே வேலை அவள் தம்பிக்குப் போயிற்று. ஒயரிங் வேலைக்காரர். ஊரில் அவரைப் பீஸ் என்று கூப்பிடுவார்கள். வேலை கெட்டி. ஆனால் பீஸ் கம்பி மாதிரி சின்னச் சூட்டுக்கே போய்விடுவார்.

பீஸ் குழி வெட்டி, குழாய்க்குள் கேபிள் இறக்கி, கொட்டகைச் சுவரில் ஒரு துணைப் பெட்டி மாட்டினார். கசிவு வந்தால் தானாக விழும் பிரேக்கர் வைத்தார். கொட்டகை ஓரத்தில் எர்த் கம்பியை அடித்து இறக்கினார். பிறகு பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு மாமாவுக்குப் பாடம் எடுத்தார்.

“மாமா, பேஸ் கம்பியில கரண்டு வருது, நியூட்ரல்ல திரும்பிப் போகுது. தினமும் வேலைக்குப் போயிட்டு வீடு திரும்புற ஆளு மாதிரி அவன். எர்த் அப்படி இல்ல. ஏதாவது விபரீதம்னா மட்டும் ஓடிவர்ற ஆளு. வீட்டு மெயின் போர்டுல ரெண்டு பேரும் ஒரே ஒரு இடத்துல சேர்ந்திருக்காங்க. அது போதும். இந்தப் பெட்டியில ரெண்டும் தொட்டுக்கவே கூடாது. பாருங்க, நியூட்ரலுக்குத் தனிப் பட்டை, எர்த்துக்குத் தனிப் பட்டை. சேர்த்துட்டா, தினமும் திரும்புற கரண்டு எர்த் வழியாவும் நடக்க ஆரம்பிச்சிடும். நியூட்ரல் எங்கேயாவது தளர்ந்துச்சுன்னா முழுசா அந்த வழிதான். அப்புறம் கதவு, தூணு, மெஷின் உடம்பு, எல்லாத்துலயும் அவன் நடமாட்டம்தான்.”

“அதாவது தனிக்குடித்தனம்” என்றாள் அக்கா.

“அதேதான்க்கா.”

“உன் பொண்டாட்டி கேட்டப்போ மட்டும் அது உன் மண்டையில ஏறலையே.”

பீஸ் போய்விட்டது. திருப்புளியை வீசிவிட்டுத் தெருமுனை வரை போனவர், டீ குடித்துவிட்டுத் திரும்பிவந்து மீதி திருகுகளை முடுக்கினார்.

மிச்சம் ஒன்றுதான். மெயின் போர்டில், கொட்டகைக்குப் போகிற பிரேக்கர் மேல் மின் பாதுகாப்பு அலுவலகத்தின் தாள் முத்திரை ஒட்டியிருந்தது. கொட்டகைக்கு இணைப்பு வேண்டுமென்று கேட்ட அன்றே ஆள் வந்து ஒட்டிவிட்டுப் போயிருந்தார். தடுக்கிற காரியத்தில் அவர்கள் தாமதிப்பதில்லை. ஆய்வாளர் வந்து பார்த்து, சரி என்று சொல்லி அந்தத் தாளைக் கிழிக்க வேண்டும். நாமே கிழித்தால் வீட்டுக்கும் சேர்த்துக் கரண்டை வெட்டிவிடுவார்கள்.

மெத்தைக்காரர் அலுவலகத்துக்குப் போனார்.

வாசலில் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்றில், ‘பாதுகாப்பே எங்கள் மூச்சு.’ அதைவிடப் பெரிதாக இன்னொன்று: ‘இவ்வலுவலகத்தில் மின்சாரம் ஒரு நொடியும் நின்றதில்லை.’ அவர் செருப்பைக் கழற்றப் போனார்.

“கழட்டாதீங்க!” என்று உள்ளேயிருந்து நாலு குரல் ஒன்றாக வந்தது.

உள்ளே எல்லோரும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். எதிரே வருகிறவருக்குத் தலையசைத்தார்கள், கை கொடுக்கவில்லை. எவ்வளவு அடக்கமான ஆட்கள் என்று மெத்தைக்காரருக்குப் பட்டது. எழுத்தர் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“கையைப் பின்னால கட்டுங்க.”

“வலது கையைத் தூக்க முடியாதுங்க.”

“தூக்கச் சொல்லலையே. கட்டத்தானே சொன்னேன்? ஆய்வுக்கு நாள் குறிக்கணும்னா பின்கட்டிடத்துக்குப் போகணும். நாள் குறிக்கிற கரும்பலகை அங்கதான் இருக்கு. என் பின்னாலயே வாங்க. நான் செய்யறதைச் செய்யுங்க. செய்யாததைச் செய்யாதீங்க.”

பின்கட்டிடம் என்பது முற்றத்தின் மறுபக்கம் தனியாக நின்ற ஒற்றை அறை. இரும்புக் கதவு. இரும்பு வாசற்படி. கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். கையில் துடைப்பக் கட்டை. எழுத்தரைக் கண்டதும் எழுந்து, கட்டையின் நுனியால் கதவைத் தள்ளித் திறந்தார். எழுத்தர் வாசற்படிக்கு முன்னால் நின்று, இரண்டு கால்களையும் சேர்த்துவைத்து, கைகள் பின்னால் இருக்க, தவளைபோல ஒரே தாவலில் உள்ளே குதித்தார். மூக்குக்கண்ணாடியைக்கூடத் தொடாமல், எதுவும் நடக்காததுபோல நடந்து போனார்.

“ரெண்டு காலும் ஒண்ணாப் போகணும்” என்றார் காவலாளி. “ஒண்ணு உள்ளே ஒண்ணு வெளியேன்னு வைக்கக் கூடாது. புதுசா சேர்ற ஆபீசருங்களுக்கு முதல் ஆறு வாரம் இதைத்தான் கத்துக்கொடுக்கறாங்க.”

“எதுக்குண்ணே?”

“ஒழுங்குன்னு சொல்வாங்க.”

மெத்தைக்காரர் குதித்தார். குதித்த வேகத்தில் தடுமாறி, விழாமலிருக்க வலது கையால் கதவைப் பிடித்தார்.

நெடுநாளாகத் தோளுக்கு மேல் போகாத கை, வானத்தைக் காட்டியது. வாயிலிருந்து, எந்த மொழியிலும் சேராத ஒரு சொல் வந்தது.

உள்ளேயிருந்து எழுத்தர் திரும்பிப் பார்த்தார். “கையைத் தூக்கி என்ன கேட்கறீங்க? கேள்வி நேரம் மதியத்துக்கு மேல.”

காவலாளி அவரைச் சட்டைக் காலரில் கட்டையைக் கொடுத்து நெம்பி நிறுத்தினார்.

“முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான். ரெண்டாவது தடவையும் இப்படித்தான். அப்புறம் பழகிடும்னு சொல்வாங்க. எனக்கு இன்னும் பழகல.” தன் விரல்களை விரித்துக் காட்டினார். நுனிகள் கருகிய வேர்க்கடலைத் தோல் மாதிரி இருந்தன.

பாதுகாப்பு அலுவலகத்துக் கதவில் ஷாக் அடிக்கிறது என்பதை மெத்தைக்காரர் யாரிடமாவது சொல்ல நினைத்தார். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதற்கான அலுவலகம் அதுதான்.

குறித்த நாளில் ஆய்வாளர் வந்தார். தடித்த ரப்பர் செருப்பு, பின்னால் கட்டிய கைகள். மெயின் போர்டில் தாள் முத்திரையை நகத்தால் நெம்பி எடுத்து, கொட்டகைக்குக் கரண்டைப் போட்டுவிட்டு, பின்பக்கம் போனார். பீஸ் பெட்டியைத் திறந்துகாட்டத் தயாராகத் திருப்புளியோடு நின்றார். ஆய்வாளர் பெட்டிப் பக்கம் திரும்பவேயில்லை. கொட்டகை வாசலில் நின்று இரண்டு காலையும் சேர்த்து உள்ளே ஒரு தாவல். வெளியே ஒரு தாவல். பிறகு மூச்சை இழுத்து, கண்ணை மூடி, புறங்கையால் கதவைத் தொட்டார்.

கண்ணைத் திறந்தார். மறுபடி தொட்டார். முகத்தில், படியிறங்கும்போது கடைசிப் படி இல்லாமல் போனவனின் திகைப்பு.

“கரண்டு இருக்கா?”

“இருக்குங்க. லைட் எரியுது பாருங்க” என்றார் மெத்தைக்காரர்.

“அப்புறம் ஏன் அடிக்கல?”

“அடிக்காதுங்க.”

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

“சார், அடிக்கக் கூடாதுங்க” என்றார் பீஸ். “அதுக்குத்தானே எர்த்து போட்டிருக்கு.”

ஆய்வாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “தம்பி, இந்த வட்டாரத்துல எத்தனை பின்கட்டிடத்துக்கு அனுமதி கொடுத்திருக்கேன் தெரியுமா? ஒண்ணாவது என்னை அடிக்காம விட்டிருக்கா? ஒரு கட்டடத்துக்குள்ள கரண்டு வந்து சேர்ந்திருக்குங்கறதுக்கு வேற என்ன அத்தாட்சி? லைட் எரியறதா? லைட் பேட்டரியிலகூட எரியும்.”

பீஸ் போய்விட்டது. இந்த முறை தெருமுனையையும் தாண்டிப் போயிற்று. ஆய்வாளர் புதிய தாள் முத்திரையை எச்சில் தொட்டு ஒட்டினார். “மேல்முறையீடு பண்ணிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே வாரம் ஒரு மாணவர் விடுதிக்காரர் வந்து, அத்தனை கட்டிலுக்கும் மெத்தையைப் பிரித்து அடித்துத் தைத்துத் தரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லுகிற நிலையில் வீடு இல்லை. மெத்தைக்காரர் இயந்திரத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, இடது கையால் கம்பைப் பிடித்தார். இரண்டாம் நாளே இடது தோளிலும் ஆணி இறங்கிவிட்டது. இப்போது சட்டையே அவளாக மாட்டிவிட வேண்டியிருந்தது.

“நாளைக்கு நானும் வர்றேன் அந்த ஆபீசுக்கு” என்றாள். “கேக்கற மாதிரி கேட்டா சொல்ல மாட்டாங்களா?”

மூன்று பேருமாகப் போனார்கள். மேலதிகாரி வயதானவர், நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார், கைகளைப் பின்னால் கட்டியபடி.

“உட்காருங்க. மர நாற்காலிதான், பயப்படாதீங்க. முழுசும் கேள்விப்பட்டேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்க மச்சான் சொன்னது நூத்துக்கு நூறு சரி. துணைப் பெட்டியில நியூட்ரலும் எர்த்தும் சேரவே கூடாது. அதைப் பத்தி நான் எத்தனையோ மேடையில பேசியிருக்கேன். கேடயமெல்லாம் கொடுத்திருக்காங்க. எல்லாம் பின்கட்டிடத்து இரும்பு அலமாரியில பத்திரமா இருக்கு. நான் பார்த்தே பல வருஷமாச்சு.”

“ஏங்கய்யா?” என்றாள் மனைவி.

“அலமாரி அடிக்குமேம்மா.”

பீஸ் வாயைத் திறந்தார். அக்கா அவர் காலை மிதித்தாள்.

மேலதிகாரி மனம் திறந்து பேசினார். “அந்த அறையைக் கட்டினப்போ யாரோ ஒருத்தர், மெயின் போர்டுல இருக்கிற மாதிரியே அங்கயும் இருக்கட்டும்னு ஒரு செம்புத் துண்டைப் போட்டு ரெண்டையும் சேர்த்துட்டார். நல்ல எண்ணத்துலதான். அப்புறம் மெயின்ல இருந்து போற நியூட்ரலும் தளர்ந்துபோச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு முன்னால இருந்தவருக்கும் தெரியும். அவருக்கு முன்னால இருந்தவருக்குத்தான் முதல்ல தெரிஞ்சது. அன்னைக்கு மழை, அவர் கை ஈரம்.”

“அந்தத் துண்டைக் கழட்டிட்டா முடிஞ்சுதே?” என்றாள் மனைவி.

“கழட்டலாம். பெட்டி பூட்டியிருக்கு. சாவி அலமாரிக்குள்ள இருக்கு.”

“மெயினை அணைச்சிட்டு அலமாரியைத் திறந்தா?”

பக்கத்தில் நின்ற எழுத்தர் கையிலிருந்து பேனா விழுந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்ததால் எடுக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

“அம்மா” என்றார் மேலதிகாரி, கெட்ட வார்த்தை சொன்ன குழந்தையிடம் பேசுகிற குரலில். “வாசல்ல பலகையைப் பார்த்தீங்களா? ஒரு நொடியும் நின்றதில்லை. ஒரு நொடி அணைச்சா அந்தப் பலகை பொய்யாயிடும். பாதுகாப்பு அலுவலகம் பொய்ப் பலகையை மாட்டி வைக்கலாமா? இன்னும் கொஞ்ச மாசத்துல நான் ஓய்வு பெறப்போறேன். என் காலத்துல கரண்டு நின்னுச்சுன்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாது. அடுத்து வர்றவர் இளைஞர், துணிச்சல்காரர். அவர் வருவார், எல்லாத்தையும் பார்ப்பார், யோசிப்பார். அப்புறம் அவரும் ஓய்வு பெறுவார்.”

“உங்க அறை எப்படியோ இருந்துட்டுப் போகட்டும்யா” என்றார் மெத்தைக்காரர். “எங்க கொட்டகை சரியாத்தானே இருக்கு? பஞ்சு வேலைங்க. ஒரு பொறி பட்டாப் போதும்.”

“அதாங்க சங்கடமே. ஊர்ல இருக்கிற அத்தனை பின்கட்டிடத்தையும் எங்க அறையை முன்மாதிரியா வச்சுத்தான் சரி பார்த்திருக்கோம். உங்களுடையது மட்டும் அடிக்கலைன்னா, அடிக்கிற அத்தனையும் தப்புன்னு ஆகுது. ஒருத்தர் சரியா இருந்துட்டா மத்தவங்க கதி என்ன? பாதுகாப்புன்னா என்ன? முதல்ல எல்லாரும் ஒரே மாதிரி இருக்கறது. ஆபத்து அப்புறம். நீங்க கதவைச் சரி பண்ணிவைங்க. நானே நேர்ல வர்றேன். லேசா அடிச்சாப் போதும். நான் கண்டிப்பானவன் இல்ல.”

வெளியே வந்ததும் பீஸ் நடுமுற்றத்தில் நின்று கத்தினார். “ஆபத்தா இருந்தா அனுமதியாம்! மாமா, ஊர்ல எல்லாரும் தப்பாப் போட்டுட்டு, ஆய்வுக்கு மட்டும் சரி பண்ணிவைப்பாங்க. நாம சரியாப் போட்டுட்டு, ஆய்வுக்குத் தப்பு பண்ணணுமா?”

ஸ்டூலில் இருந்த காவலாளி துடைப்பக் கட்டையால் தரையைத் தட்டிக் கூப்பிட்டார்.

“மெத்தை, இங்க வாங்க. சத்தம் போடாதீங்க. பெட்டியைத் திறந்து பார்ப்பாங்களோன்னு பயப்படாதீங்க. இவங்க பெட்டி பூட்டிக் கெடக்கு, அதனால எந்தப் பெட்டியையும் திறக்கறதில்ல. வருவாங்க, குதிப்பாங்க, புறங்கையால கதவைத் தொடுவாங்க. சுரீர்னா சந்தோஷம். எறும்பு கடிச்சாக்கூட எழுதிக்குவாங்க.”

வீட்டுக்கு வந்து யோசித்தார்கள். பீஸ் இறங்கிவந்து சொன்னார். “ஒரு செம்புத் துண்டைப் போட்டுச் சேர்த்துடறேன், நியூட்ரலையும் கொஞ்சம் தளர்த்திவிடறேன். பார்த்துட்டுப் போனதும் சரி பண்ணிடலாம்.”

“பார்த்துட்டுப் போறப்போ பெட்டிக்கு ஈய முத்திரை வச்சிட்டுப் போவாங்களே” என்றாள் அக்கா. “அப்புறம் எப்படித் திறப்ப?”

மெத்தைக்காரர் இடது கையால் கம்பை எடுத்தார். தகரத்தில் வெயில் உரசும் வறண்ட மதியம். அவள் விடுதி மெத்தைகளுக்கு நைலான் உறை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உறையையும் ரப்பர் செருப்புக் காலால் மிதித்து, இழுத்து, நீவி, அடுத்ததற்கு நகர வேண்டும். நகரும்போது பிடிமானத்துக்கு இரும்புக் கட்டிலைத் தொட்டாள்.

“ஸ்ஸ்… இந்த நைலானோட இதே ரோதனை. வெயில் நாள்ல தொட்டதெல்லாம் சுருக்குன்னு…”

நிறுத்தினாள். தன் விரல் நுனியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

“டேய், இது ஆபத்தா?”

“அது உரசல்ல வர்றதுக்கா. சுருக்குன்னு ஒரு தடவை, அவ்வளவுதான். ஆளை ஒண்ணும் பண்ணாது. பஞ்சுத்தூசி பறக்கிற இடத்துல வேணாம், மத்தபடி…” பீஸின் முகம் மெல்ல விரிந்தது. “கதவு நல்லா எர்த் ஆகியிருந்தா இன்னும் நறுக்குன்னு இருக்கும். நம்ம கதவு நல்லாத்தானே எர்த் ஆகியிருக்கு.”

ஆய்வாளரோடு மேலதிகாரி வந்த அன்று காற்று சருகாகக் காய்ந்திருந்தது. கொட்டகையில் ஒரு துணுக்குப் பஞ்சு இல்லாமல் பெருக்கித் துடைத்திருந்தார்கள். தெருவாசலிலிருந்து கொட்டகைக் கதவு வரைக்கும் நைலான் உறை போட்ட விடுதி மெத்தைகள் வரிசையாக விரித்துக் கிடந்தன.

“என்ன இது?” என்றார் மேலதிகாரி.

“பெரியவங்க கால் நோகக் கூடாதுன்னுங்க” என்றாள் மனைவி. “எங்க தொழில் மரியாதை. காலைத் தூக்கி வைக்காம, அப்படியே தேச்சு நடந்து வாங்க. அப்பத்தான் மெத்தைக்குப் பெருமை.”

“பார்த்தீங்களா?” என்றார் மேலதிகாரி ஆய்வாளரிடம். “இந்த மாதிரி ஆட்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டோம்.”

ஆய்வாளர் போய் மெயின் போர்டில் தாள் முத்திரையை நெம்பி எடுத்து, கொட்டகைக்குக் கரண்டைப் போட்டுவிட்டு வந்தார். இருவரும் ரப்பர் செருப்போடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெத்தைமேல் சரக் சரக்கென்று காலைத் தேய்த்து வந்தார்கள். பாதி வழியிலேயே மேலதிகாரியின் தலையில் மிச்சமிருந்த முடிகள் எழுந்து நின்றன. மெத்தைக்காரருக்கு இரண்டு தோளும் வலிப்பது மறந்துபோயிற்று. இது பலிக்காவிட்டால் அந்த ஈய முத்திரை ஒரு செம்புத் துண்டின் மேல்தான் விழும். அல்லது கம்புதான், கை கழலும்வரை.

மேலதிகாரி புறங்கையை நீட்டினார். கதவைத் தொடுவதற்கு முன்பே டப் என்று ஒரு சத்தம்.

“ஆங்!” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. “இப்பத்தான்யா இது ஒரு கட்டடம் மாதிரி இருக்கு!”

“நானும் பார்த்துடறேங்கய்யா” என்று ஆய்வாளர் தொட்டார். டப். “அருமை!”

“உறுதிப்படுத்த இன்னொரு தடவை” என்று மேலதிகாரி நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினார்.

பீஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஐயய்யோ, அங்கிருந்தேவா?” என்று அவள் குறுக்கே பாய்ந்தாள். “முறைன்னு ஒண்ணு இருக்குல்லங்கய்யா? முதல்ல இருந்து நடந்து வந்து தொட்டாத்தானே அது ஆய்வு? பாதியில இருந்து தொட்டா, நாளைக்கு யாராவது செல்லாதுன்னு சொல்லிட்டா?”

மேலதிகாரி அவளை மரியாதையோடு பார்த்தார். முப்பது வருட வேலையில், முறையைத் தனக்கே ஞாபகப்படுத்திய முதல் ஆள் அவள்தான். தெருவாசலுக்குப் போய், மறுபடி தேய்த்து நடந்து வந்து, தொட்டார். டப்.

எடுத்த தாள் முத்திரையை மறுபடி ஒட்டாமல் கிழித்துப் போட்டார்கள். நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொள்ளாமல் தனித்தனியாகக் குடியிருந்த பெட்டிக்கு, திறந்து பார்க்காமலேயே ஈய முத்திரை வைத்தார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் மனைவி கொட்டகைக் கதவை உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். சும்மா கதவாகத்தான் இருந்தது. மெத்தைக்காரர் சுவிட்சைப் போட்டார். இயந்திரம் இருமி, செருமி, பஞ்சை வாங்கிக்கொண்டது. அவர் ஒரு பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலை நேரத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மேலதிகாரிக்கு அந்த மெத்தை நடை மிகவும் பிடித்துப்போயிற்று. ஓய்வு பெறுவதற்குள் ஒரு நல்ல காரியம் செய்துவிட நினைத்து, இனி எந்தப் பின்கட்டிடமானாலும் வாசலுக்கு வெளியே நைலான் உறை போட்ட மெத்தை விரித்திருந்தால்தான் ஆய்வு என்று உத்தரவு போட்டார். மெத்தைக்காரரின் வாசலில் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். கொட்டகைக்கு மெத்தை, கிடங்குக்கு மெத்தை, தண்ணீர் மோட்டார் அறைக்கு மெத்தை. இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடியது. தோளில் இருந்த ஆணி ஒவ்வொரு மரையாகக் கழன்றது. ஒரு நாள் காலை அவரே தன் தலையை வாரிக்கொண்டார்.

“கோணல்” என்றாள் மனைவி. ஆனாலும் விட்டுவிட்டாள்.

அலுவலகத்துக்கான மெத்தையை அவரே தோளில் தூக்கிக்கொண்டு போனார். பின்கட்டிடத்து வாசலில் விரிக்கும்போது காவலாளி கட்டையால் ஒரு முனையைத் தள்ளி நேராக்கிக் கொடுத்தார். கட்டை பிடித்திருந்த கையில் இரண்டு விரலுக்குத் துணி சுற்றியிருந்தது.

“என்னண்ணே கை?”

“முந்தாநாள் மழை. கட்டையும் நனைஞ்சுபோச்சு.” காவலாளி சுற்றும் பார்த்தார். “மெத்தை, உங்களை ஒண்ணு கேக்கலாமா? ஞாயித்துக்கிழமை இங்க யாரும் வர மாட்டாங்க. நான் மட்டும்தான். மெயின் சுவிட்சு என் கைக்கெட்டற உயரத்துலதான் இருக்கு. அணைக்க எனக்குப் பயமில்ல. பலகை பொய்யானா ஆகட்டும். ஆனா அணைச்சப்புறம் எதைக் கழட்டணும், எதை முடுக்கணும்னு எனக்குத் தெரியாது. உங்க மச்சானைக் கூட்டிட்டு ஒரு அரை மணி நேரம் வந்துட்டுப் போங்க. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். அவங்க பாட்டுக்குக் குதிச்சுக்கிட்டே இருக்கட்டும்.”

மெத்தைக்காரர் வலது கையைத் தூக்கிக் காவலாளியின் தோள்மேல் வைத்தார். கை வலிக்காமல் போயிற்று.

“வர்ற ஞாயித்துக்கிழமை வர்றோம்ண்ணே.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிடங்குக்காரருக்கு அவசரமாக மெத்தை வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீஸ், “பிடிபட்டா என் லைசென்சும் போகும், உங்க முத்திரையும் போகும்” என்றார். அதில் நியாயம் இருப்பதாக மெத்தைக்காரருக்குப் பட்டது. “அந்த ஆளுக்கு வாக்குக் கொடுத்தீங்களா இல்லையா?” என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள். “கொடுத்தேன். இந்தக் கூட்டம் கொஞ்சம் ஓயட்டும்” என்றார். மழைக்காலம் இன்னும் முடியவில்லை. அலுவலகத்துக்கு மெத்தை போக வேண்டியிருந்தால் இப்போது வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறார். தையல் நூல் வாங்கப் போகும்போதுகூட அந்தத் தெருவைச் சுற்றித்தான் போகிறார்.

ஒரு செம்புத் துண்டைக் கழற்றி, ஒரு நியூட்ரலை முடுக்கித் தரும் அந்த அரை மணி நேரம் காவலாளிக்கு இன்னும் பாக்கி.